இன்னொருக்கா போடுங்கோ

வங்காலைத் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் படம் முடிந்தது. வெளிநாட்டு நிபுணர் தன் நாட்டுப் பண்ணையொன்றில் சொட்டுநீரில் மிளகாய் விளைவதைக் காட்டியிருந்தார். இரு நாடுகளும் சேர்ந்து அதை இங்கேயும் செய்யப் போகின்றன.

"ஆருக்கும் கேள்வி இருக்கோ?" என்றான் மொழிபெயர்க்க வந்த றெனால்ட்.

பின்வரிசையில் றெஜினா எழும்பினாள். "இன்னொருக்கா போடுங்கோ, தம்பி."

போட்டான். முடிந்ததும் மறுபடியும் கேட்டாள். நிபுணருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"முதல் குழாய் உங்களுக்குத்தானாம், அக்கா. உங்கட கிணறும் உவராப் போச்சோ?" என்றான் றெனால்ட்.

"ஓம். அதாலதான் மகன் தோட்டத்தை விட்டிட்டு வெளிநாட்டுக்குப் போனவன்."

"இனிக் கொஞ்சத் தண்ணியே போதும். அவரைத் திரும்பி வரச் சொல்லுங்கோ."

அவள் திரும்பவும் திரையைக் காட்டினாள். மூன்றாம் முறையும் படம் ஓடியது.

"இதில நிப்பாட்டுங்கோ."

திரையில் ஒரு வேலையாள் குழாயைப் பூட்டிவிட்டு நிமிர்ந்து, வேர்வையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டு நின்றான்.

"எது விளங்கேல்ல, அக்கா? குழாய் பூட்டுறதோ?"

"அதெல்லாம் விளங்குது, தம்பி. இவன்தான் என்ர மகன் டிலோஜன். போன மாசியில இவன்ர உடம்பை அங்கயிருந்து பெட்டியில அனுப்பினவை. சீல் வைச்ச பெட்டி, திறக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டினம். முகம் பாக்காமலே அடக்கம் செய்தனாங்கள்."

றெனால்ட் நிபுணர் பக்கம் திரும்பினான். அவள் என்ன சொன்னாள் என்று அறிய, நிபுணர் சிரித்த முகத்தோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.