ஆறாவது மாசம்

"எத்தனை மாசம்மா?"

"ஆறுங்க மாமா."

கூசாம சொல்லிட்டு, காலேஜ் பொண்ணு எந்திரிச்சுக் குடுத்த சீட்ல உக்காந்தா அவ. சூப்பர் மார்க்கெட்ல பில் போடுற வேலை. தினமும் இதே காலை பஸ்தான்.

கேட்டவர் பின்சீட்டு பேப்பர் மாமா. பேரு யாருக்கும் தெரியாது. முகமும் அவ்வளவா தெரியாது, எப்பவும் பேப்பர்தான் தெரியும்.

விஷயம் என்னன்னா, ரெண்டு வருஷமா அவளுக்கு ஆறாவது மாசம்தான் நடக்குது.

வயித்துல ஒரு புழு பூச்சி கிடையாது. வெறும் தொப்பை. ரெண்டு சிசேரியன், ஒரு பித்தப்பை, கடைசியா குடலிறக்கம். வெட்டி வெட்டித் தச்சதுல வயிறு முன்னாடி வந்து தொங்கிப்போச்சு. முதல் நாள் அந்தப் பொண்ணு "உக்காருங்கக்கா"ன்னு எந்திரிச்சப்ப, 'அய்யோ, அதெல்லாம் இல்லம்மா'ன்னு சொல்லத்தான் நினைச்சா. வாய் திறக்கிறதுக்குள்ள இடுப்பு உக்காந்துடுச்சு.

அதுக்கப்புறம் மாமா தினமும் பஸ்ஸுக்கே கேக்குற மாதிரி கேப்பார். இவளும் 'ஆறு'ம்பா. ஏழுன்னா எட்டு வரும், எட்டுன்னா ஒன்பது வரும், அப்புறம் புள்ளைக்கு எங்க போறது?

மாட்டிக்க மாட்டோம்னு ஒரு தைரியம். மாமாவுக்கு மறதி. பொண்ணு காதுல ஹெட்போன். கண்டக்டரம்மாவுக்குச் சில்லறைக் கவலை.

ஒரே ஒரு நாள் மாமா கேக்கல. பக்கத்துல நின்ன புது ஆளு அவளை மேலயும் கீழயும் பார்த்தார். சீட்டு சுட்டுது. எந்திரிச்சு நின்னுட்டா. அன்னிக்கு வேலை முடிஞ்சு வந்து குப்புறப் படுத்தவதான், புருஷன் தைலம் தேய்ச்சே கை ஓஞ்சுட்டான்.

"யானைகூட இந்நேரம் பெத்து நடக்க விட்டிருக்கும்டி. டாக்டரைப் போய்ப் பாரு."

போனா.

டாக்டர் வயித்தைப் பார்த்துட்டு, "என்னம்மா இது, ரோட்டைத் தோண்டுற மாதிரி ஆளாளுக்கு ஒரு பக்கம் தோண்டியிருக்காங்க"ன்னார்.

"மூடிட்டுத்தான் போனாங்க டாக்டர். சரியா மூடல."

"தொங்குற தோலை எடுத்துடலாம். ஆனா விலாவுக்குக் கீழ இருக்கே பித்தப்பைத் தழும்பு, அது ரத்த ஓட்டத்தை மறிக்கும். ரொம்ப இழுத்துத் தச்சா புண்ணு ஆறாது. நடிகை இடுப்பெல்லாம் எதிர்பார்க்காதீங்க."

"இடுப்பு யாருக்கு வேணும்? எனக்கு நிக்கணும் டாக்டர்."

அவர் நடுவயித்தை அமுக்கிப் பார்த்தார். "உள்ள சதையே ரெண்டா பிரிஞ்சு கிடக்கு. முன்பக்கம் தாங்க ஆளில்ல, மொத்த பாரமும் முதுகுல. நாள் முழுக்க நின்னு எப்படிம்மா வேலை பாக்குறீங்க?"

"காலையில பஸ்ல உக்காந்துதான்."

பிரிஞ்சதைச் சேர்த்து, தொங்கினதை எடுத்து, தச்சு அனுப்பினாங்க. புண்ணு சாவகாசமா ஆறுச்சு. ரொம்ப நாள் கேள்விக்குறி மாதிரி குனிஞ்சே நடந்தா. அப்புறம் ஒருவழியா ஆச்சரியக்குறி ஆனா.

திரும்ப வேலைக்குக் கிளம்புற அன்னிக்குப் புருஷன் கேட்டான்.

"பஸ்ல என்னடி சொல்லுவே?"

"பொண்ணு பொறந்திருக்கு, எங்கம்மா வீட்ல விட்டிருக்கேன்னு சொல்லிடறேங்க."

"பேரு கேட்டா?"

"இன்னும் வைக்கலைன்னு..."

"ரெண்டு வருஷம் சுமந்துட்டுப் பேரு யோசிக்கலையா?"

அவ செருப்பை மாட்டிட்டா.

பஸ்ல ஏறினா. கம்பியைப் பிடிச்சு நேரா நின்னா. மொத்த பஸ்ஸும் அவ வயித்தைப் பார்த்துச்சு. காலேஜ் பொண்ணு ஹெட்போனைக் கழட்டிட்டுப் பாதி எந்திரிச்சு அப்படியே நின்னா. டிக்கெட் கிழிச்ச கண்டக்டரம்மா கையும் நின்னுபோச்சு. மாமாகிட்டேர்ந்து ஒரு சத்தமும் இல்ல.

அப்பதான் அவளுக்கு உறைச்சுது. வயித்துலயும் புள்ளை இல்ல, கையிலயும் இல்ல. இவங்க என்னென்னமோ நினைச்சுக் கலங்கிப்போய் நிக்கிறாங்க. வீட்லயே தயார் பண்ணிட்டு வந்த பொய்யை அப்படியே விட்டுட்டா.

"யாரும் வருத்தப்படாதீங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகல." வயித்தைத் தொட்டுக் காட்டினா. "ஏன்னா, குழந்தையே இல்ல. வெறும் தொப்பை. வயித்துல நாலு ஆபரேஷன், நிக்க முடியல. பொய் சொல்லிட்டேன்."

"அது தெரியும்"னாங்க கண்டக்டரம்மா. "இவ்வளவு நாளா ஆளைக் காணோம், இப்ப பாதியா வந்து நிக்கிறே. உடம்புக்கு என்னமோன்னுதான் கேக்கத் தயங்குனோம்."

"தெரியுமா?"

"நானும் மூணு பெத்தவதான். எவளுக்கும் ஆறாம் மாசம் இவ்வளவு இழுத்ததில்ல."

காலேஜ் பொண்ணு சிரிச்சா. "என் ஹெட்போன்ல பாதி நாள் பாட்டே ஓடாதுக்கா. உக்காரும்போது நீங்க 'அம்மா'ன்னு முனகுறது நல்லாவே கேக்கும்."

அவ பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தா.

"மாமா, உங்களுக்குமா? அப்புறம் எதுக்கு தினமும் அவ்வளவு சத்தமா எத்தனை மாசம்னு கேட்டீங்க?"

மாமா பேப்பரை மடிச்சு மடியில வச்சார். ஒழுங்கா அவர் முகத்தை அவ பாக்குறது அதுதான் முதல் தடவை.

"ஒரே ஒரு நாள் கேக்க மறந்துட்டேன்மா. அன்னிக்கு நீ கடைசி வரைக்கும் நின்னுட்டே வந்தே."