ஒரு கதவு எண்ணுக்கு ஓர் இடம்

"உங்க கதவு எண்ணுக்கு இடம் கொடுத்தாச்சு சிஸ்டர்" என்றார் வட்டார அலுவலகக் குமாஸ்தா, தலையை நிமிர்த்தாமலே.

இரவுப் பணி முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் மருத்துவமனையிலிருந்து நேரே ஓடிவந்த செவிலிக்கு மூச்சு இரைத்தது.

"எப்படிக் கொடுத்தீங்க? நானே இப்பத்தானே வர்றேன்!"

"அதே வீட்டுலேர்ந்து ஒரு அம்மா காலையில ஆறு மணிக்கே வந்து வரிசையில முதல் ஆளா நின்னாங்க. ஒரு கதவு எண்ணுக்கு ஒரு குழந்தைதான். நோட்டீஸ்ல போட்டிருக்கே, பார்க்கலையா?"

பார்த்திருந்தாள். குடிநீர் வரும் நேரம் மாற்றம், நூலகம் கூடுதலாக இரண்டு மணி நேரம், அதற்குக் கீழே கோடைக்கால இலவச நீச்சல் வகுப்பு. அவளுடைய பத்து வயது மகள் அந்தப் பகுதியை மட்டும் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

"பட்டியலைப் புதன்கிழமை ஒட்டுவோம். வேணும்னா வந்து பாருங்க."

பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவள் விறுவிறுவென்று படியிறங்கினாள்.

ஒரே வீடு. மாடியில் மூத்தவளான இவள், கீழே ஓரகத்தி. இளையவளுக்கும் ஒரு மகள், ஒன்பது வயது. தண்ணீர் மோட்டாரை யார் எப்போது போடுவது என்று தொடங்கிய வாக்குவாதத்தில் இருவருக்கும் பேச்சு நின்று மூன்று மாதம் ஆகிறது.

வழியெல்லாம் வயிறு எரிந்தது. வெயிலில் வேகும் மாடி இவளுக்கு. குளுகுளுவென்ற கீழ்வீடு அவளுக்கு. மாமியாரின் தையல் இயந்திரம் அவளுக்கு. கொல்லைப்புறம் அவளுக்கு. இப்போது நீச்சலும் அவளுக்கே.

வாசலில் இளையவள் நின்றிருந்தாள்.

"அக்கா, நீச்சல் வகுப்பு விஷயமா ஒரு நிமிஷம்..."

"எல்லாம் தெரியும். ரொம்ப சந்தோஷம்" என்று மூத்தவள் செருப்புச் சத்தம் தடதடக்க மாடியேறிப் போய்விட்டாள்.

கணவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

"உங்க தம்பி பொண்டாட்டி விடியறதுக்குள்ள போய் இடம் பிடிச்சுட்டா. நான் ராத்திரி முழுக்க வார்டுல நிக்கிறவ, ஒன்பது மணிக்குத்தான் வர முடியும்னு அவளுக்குத் தெரியாதா?"

"நம்ம வீட்டுக் குழந்தைக்குத்தானே கிடைச்சிருக்கு?"

"நம்ம வீடா? மோட்டார் போடும்போது மட்டும் அவங்க வீடு, நம்ம வீடுன்னு ரெண்டா இருக்கே!"

"அம்மா தாயே, ஊசி குத்திடுச்சு. மோட்டாரை விடு."

அவள் விடவில்லை. மறுநாளே ஒரு மனு எழுதினாள். இன்ன கதவு எண்ணிலிருந்து வந்த விண்ணப்பத்துக்கு ஆள் பிடித்து இடம் வாங்கியிருப்பதாகச் சந்தேகம். அதை விதிகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, தவறு இருந்தால் இரக்கமின்றி ரத்து செய்யவேண்டும்.

"இது பொறாமையில எழுதினதில்லை. நியாயத்துக்காக எழுதினது" என்றாள்.

"காலையிலேர்ந்து இதை மூணு தடவை சொல்லிட்டே. நான் கேட்கவே இல்லையே!"

அன்று மாலை கீழ்வீட்டிலிருந்து இளையவளின் மகள் அழுவது கேட்டது. விக்கி விக்கி அழுதாள்.

"கிடைச்சும் அழுகை!" என்றாள் மூத்தவள். "இன்னும் என்ன வேணுமாம் மகாராணிக்கு?"

அவளுடைய மகளோ அலமாரிக் கதவிலிருந்த துண்டுத்தாளைத் தானே கிழித்துக் குப்பையில் போட்டாள். அழவில்லை. அதுதான் தாயை இன்னும் சுட்டது.

வியாழக்கிழமை வட்டார அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அதிகாரி ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர்.

"உங்க சந்தேகம் பாதி சரி. ஆள் பிடிச்சதெல்லாம் கிடையாது. ஆனா ஒரு விதி மீறப்பட்டிருக்கு. விண்ணப்பத்தைப் பெத்தவங்கதான் நேர்ல தரணும். இதை வேற ஒருத்தர் தந்திருக்காங்க. குமாஸ்தா கவனிக்காம வாங்கிட்டார். ரத்து பண்ணிட்டோம்."

மூன்று நாளாக எரிந்த வயிற்றில் குடம் தண்ணீரைக் கவிழ்த்ததுபோல் இருந்தது அவளுக்கு.

"அந்த இடம் என்னாச்சு மேடம்?"

"காத்திருப்புப் பட்டியல்ல முதல்ல இருந்த குழந்தைக்குப் போயிடுச்சு. இன்னிக்குக் காலையில அவ தண்ணியிலயே இறங்கிட்டா. இனிமே மாத்த முடியாது."

"மாத்தவே வேண்டாம். யாரோ ஒரு ஏழைக் குழந்தை நல்லா இருக்கட்டும்" என்று தாராளமாகச் சொன்னாள். பிறகு ஆவலை அடக்கமுடியாமல் கேட்டாள்: "பெத்தவளுக்கு வரிசையில வந்து நிக்கக்கூட உடம்பு வணங்கலையா மேடம்? யாரை அனுப்பி வெச்சாளாம்?"

அதிகாரி கோப்பைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார்.

தாயின் பெயர் என்ற கட்டத்தில் அவளுடைய பெயரே இருந்தது. விண்ணப்பம் தருபவர் குழந்தைக்கு என்ன உறவு என்ற கட்டத்தில், இளையவளின் குண்டு குண்டான கையெழுத்தில், 'சித்தி' என்று எழுதியிருந்தது.