தொழில் என்ற கட்டம்

'தொழில்' என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதி அம்சத்தின் விவசாயத் தொழிலாளர் அட்டை விண்ணப்பத்தைக் கெடுத்தது வேறு யாருமில்லை, அவள் புருஷன் இராஜாங்கமேதான்.

ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுக்கிற கை அது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், விஷயம்தான் எப்போதாவது இருக்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அம்சம் நடவுக்குப் போகிறவள். குறுவை, தாளடி என்று முப்பத்தொரு வருஷமாகச் சேற்றில் நிற்கிறாள்.

ஆனால் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் அவருக்குப் பேனா ஓடவில்லை. மகளுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டு பயோடேட்டாவில் 'தாயார்: இல்லத்தரசி' என்று அச்சடித்திருந்தது கண்ணுக்குள் நின்றது. நம்ம வீட்டிலும் ஒருத்தி இருக்கட்டுமே என்று போட்டுவிட்டார். அம்சம் வாங்கி, நிதானமாகப் பார்த்து, கையெழுத்துப் போட்டாள்.

விவசாயத் தொழிலாளி அல்ல என்று மனு தள்ளுபடியாகித் திரும்பியது.

அட்டை இல்லையென்றால் வயலில் பாம்பு கடித்தாலும் உதவி கிடையாது. இடுப்பு விட்டுப்போன பிறகு பென்ஷனும் கிடையாது.

அம்சம் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இராஜாங்கம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். கோபமா என்று கேட்டால், ரசம் ஊத்தவா என்றாள். மறுநாள் கேட்டால், வாய்க்காலில் தண்ணி வந்துடுச்சு என்றாள்.

பத்து நாள் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நடந்தார். தவறு முழுவதும் எழுதியவரின் புத்திக் கோளாறு, அவர் மேல் நடவடிக்கை எடுத்தாலும் மனுதாரருக்கு ஆட்சேபணை இல்லை என்று இன்னொரு மனு கொடுத்தார்.

இன்று விசாரணைக்கு வி.ஏ.ஓ. எழில்மொழி வயலுக்கே வந்துவிட்டார்.

சாட்சி சொல்ல இராஜாங்கம் வேட்டியை இறக்கிவிட்டு வரப்பில் விறைப்பாக நின்றார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

குனிந்து பின்னால் நகர்ந்தபடி நட்டுக்கொண்டிருந்த அம்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார் எழில்மொழி. செல்லில் ஒரு படம் எடுத்தார். 'விவசாயக் கூலி' என்று திருத்தி எழுதி நீட்டினார்.

அம்சம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அட்டை வந்துவிடும் என்று சொல்லி எழில்மொழி வண்டியைக் கிளப்பினார்.

இராஜாங்கத்துக்கு மூச்சு வந்தது. கூடவே பழைய கேள்வியும் வந்தது.

"இன்னைக்காவது சொல்லிடு புள்ள. எம்மேல கோவமா, இல்லையா?"

அம்சம் அடுத்த நாற்றுமுடியைப் பிரித்தாள்.

"எதுக்குக் கோவம்? மொத மனுவையும் படிச்சுட்டுதாங்க கையெழுத்துப் போட்டேன். தள்ளிடுவாங்கன்னு தெரியும். ஆனா எம்பேருக்குக் கீழ 'இல்லத்தரசி'ன்னு பாக்க நல்லா இருந்துச்சு. அடிச்சு எழுதுங்கன்னு சொல்ல மனசு வரல."