நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர்

தெருவுக்கு அடியில் ஓடும் கேபிள் எழுபது டிகிரியைத் தாண்டினால் தெரு முழுவதும் மின்சாரம் தானாக நின்றுவிடும். ஆறிய பிறகுதான் வரும். அந்தச் சூட்டை, கேபிளின் நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு புள்ளியாக, திரையில் பார்ப்பது எஸ்தரின் வேலை. பனைவிளைத் தெருவில் நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில் கேபிளை ஒட்டுப்போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும்விட அதுதான் கொதிக்க வேண்டும். ஆனால் தினமும் காலையும் மாலையும் அது நீலமாகக் குளிர்ந்துவிடும்.

"அது மட்டும் ஊட்டியில இருக்கு பாத்தியா?" என்றான் பக்கத்து நாற்காலி மாடசாமி. "தண்ணிக் குழாய் ஒழுகுதோ என்னவோ."

எஸ்தர் 'கசிவு' என்று பதிந்தாள். ஆட்கள் போய், ஈரம் இறங்காமல் மேலே சிமென்ட் பூசிவிட்டு வந்தார்கள். மறுநாளிலிருந்து தினமும் பகலில் மூன்று முறை மின்சாரம் நின்றது.

ஐந்தாம் நாள் ஒரு பெண் போனில் பேசினாள்.

"எங்க வாசல்ல சிமென்ட் போட்டது நீங்கதானாம்மா? அந்த இடம் வெறுங்கால்ல நின்னா சுடும். சுட்டா கரண்டு போயிரும். எங்க வீட்டுக்காரரு மூச்சு மிஷின்ல கிடந்தாரு. அதான் அரிசி கழுவின தண்ணி, துணி அலசின தண்ணி எல்லாத்தையும் நாலு வருசமா அங்கதான் ஊத்துனேன்."

"இன்னைக்கே உடைக்கச் சொல்லுதேன்க்கா. அவருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"அவரை நேத்து அடக்கம் பண்ணியாச்சும்மா. எதிர்வீட்டுல எட்டு மாசப் பிள்ளை வெக்கையில அழுதுக்கிட்டே கிடக்கு. அதுக்காகத்தான் கேக்கேன்."

மறுநாள் சிமென்ட்டை உடைத்தார்கள். சாயங்காலம் நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர் மெதுவாக நீலமானது.

"உன் ஊட்டி திரும்பி வந்துட்டு" என்றான் மாடசாமி.

எஸ்தரால் அந்தப் புள்ளியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.