ஒலீட்டாவின் காலிக் கிண்ணம்

டெல்மரின் சட்டையில், காலருக்குச் சற்றுக் கீழே, சிவப்பாக ஒரு கறை. முப்பத்தோரு வருஷமாக அவன் சட்டைகளைத் துவைத்துவரும் ஒலீட்டாவுக்கு ஒரு பார்வை போதுமானதாக இருந்தது.

“யாரோடது இது?”

“எது?”

“சட்டையில ஒட்டிக்கிட்டு இருக்கே, அது.”

டெல்மர் கறையைப் பார்த்தான். பிறகு தலைக்கு மேலே இருந்த ஓக் மரத்தைப் பார்த்தான். மரம் உதவிக்கு வரவில்லை.

“கார்லீனோடது,” என்றான்.

உதட்டுச் சாயமாக இருந்திருந்தால் ஒலீட்டா ஒருவேளை மன்னித்திருப்பாள். அது கார்லீன் செய்த காராமணி சாலட்டின் காரச் சாறு.

அலபாமா கடலோரத்து அந்தச் சின்னத் தேவாலயத்தில் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து மரத்தடியில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். வீட்டுக்கு ஒரு பாத்திரம் வந்து நீள மேஜையில் உட்காரும். பிரசங்கம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. யார் பாத்திரம் காலியாக வீடு திரும்பியது, யாருடையது நிறைந்தே திரும்பியது என்பதுதான் அடுத்த வருஷம் வரைக்கும் பேச்சு.

காராமணி சாலட்டோடு போகும் ஒலீட்டாவின் நீலக் கண்ணாடிக் கிண்ணம் பத்தொன்பது வருஷமாகக் காலியாகத்தான் திரும்பியிருக்கிறது. அந்த ஒரே தகுதியில் அவள் பெண்கள் சங்கத்துக்குத் தலைவியானாள். சுருதியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்கிறாள்.

“காராமணியோட இறாலையும் சேர்த்துப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடணும். அப்பத்தான் கடல் பயறுக்குள்ள இறங்கும்,” என்பாள், பாஸ்டர் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்லும் அதே குரலில். அப்புறம் நண்டுச் சதை, வெங்காயம், மிளகாய் ஊறிய வினிகர், கடுகு விழுது. எவ்வளவு என்று கேட்டால், “கை சொல்லும்!”

போன வருஷம்தான் இறால் படகுக்காரப் புருஷனோடு லூசியானாவிலிருந்து வந்தவள் கார்லீன். சென்ற வாரம் சங்கக் கூட்டத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டாள்: “இறாலுக்கு மூணு நிமிஷம் போதுமே, அக்கா?”

“மூணு நிமிஷத்துல முட்டைகூட வேகாதுடி. சந்தேகமா இருந்தா என் கிண்ணத்தைக் கேளு.”

டெல்மர் அதில் எல்லாம் தலையிடுவதில்லை. பாத்திரத்தைக் கொண்டுவந்து வைப்பான், மேஜைப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பான், முடிந்ததும் கழுவிக் காருக்குள் வைப்பான். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று சோடா உப்பைக் கலக்கிக் குடித்துவிட்டுப் படுப்பான். ‘மத்தவளுங்க சமையல் அப்படி’ என்று ஒலீட்டா பரிதாபப்படுவாள்.

இந்த வருஷம் மீன் பொரிக்கிற ஆளுக்குக் கை முறிந்துவிட்டது. காலையிலேயே பாஸ்டர் டெல்மரைப் பிடித்து எண்ணெய்க் கொப்பரை முன்னால் நிறுத்திவிட்டார். கடைசி மீன் வெந்து இறங்கும்வரை அவன் நகரவில்லை.

இப்போது கார்லீனின் கிண்ணத்தை யாரோ சோளரொட்டியால் துடைத்துத் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். ஒலீட்டாவின் நீலக் கிண்ணம் குவித்தது குவித்தபடி இருந்தது. பாஸ்டர் மரியாதைக்கு எடுத்த ஒரு கரண்டிப் பள்ளத்திலிருந்து ஓர் இறால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஒலீட்டா, இந்த வருஷமும் பிரமாதம் போ!” என்றபடி மேவிஸ் அந்தப் பக்கமாகக் கடந்துபோனாள். அவள் கையிலிருந்த தட்டில் கோழி மட்டுமே இருந்தது.

ஒலீட்டாவின் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கத்தான் குரலை உயர்த்தினாள்.

“கட்டினவனே அவ சாலட்டைச் சப்புக்கொட்டித் தின்னா, ஊரு எவ கிண்ணத்துக்குப் போகும்?”

“வேலையா நிக்கிறேன்னு அவளா ஒரு தட்டு கொண்டாந்து குடுத்தா. பசி. ரெண்டு வாய்தான் தின்னேன்.”

“என்னோடதுல எத்தனை வாய்?”

“நகர விட்டாத்தானே, ஒலீட்டா?”

“பத்தொன்பது வருஷமா வழிச்சு வழிச்சுத் தின்ன ஊரு, ஒரே நாள்ல நாக்கு மாறிடுமா? நீதான் மாத்தி விட்ட. கூடப் படுத்துக்கிட்டே குழி பறிச்சுட்டியே டெல்மர்.”

டெல்மர் கிண்ணத்தை எடுத்துக் காருக்குள் வைக்கக் கை நீட்டினான்.

அதற்குள் அவளே அதை இரண்டு கையாலும் தூக்கினாள். மேடையில் பாஸ்டர் நன்றி சொல்லிக்கொண்டிருந்த மைக்கை நோக்கி நடந்தாள்.

“எங்க போற?” டெல்மர் பின்னாலேயே ஓடினான்.

“மைக்குல கேக்கப்போறேன். ஊரையே நிக்க வெச்சுக் கேக்கப்போறேன். ‘இத்தனை வருஷம் தின்னீங்களே, இன்னிக்கு உங்களுக்கு என்ன வந்துச்சு’ன்னு. ஒருத்தனாவது பதில் சொல்லட்டும்.”

அவளுடைய கால் மேடையின் முதல் படியில் ஏறிவிட்டது. டெல்மர் அவள் முழங்கையைப் பிடித்தான். அவன் அப்படிப் பிடித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

“கேக்காத, ஒலீட்டா.”

“ஏன்? பயமா? நீ செஞ்ச துரோகம் வெளிய வந்துடும்னா?”

டெல்மர் சுற்றிலும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னான்:

“அவ்வளவு வருஷமும் தின்னது நான் ஒருத்தன்தான்.”