மூன்றாம் முறை

கத்திரிக்கோல் கல் தரையில் கிடந்தது. தெசிஸ்லாவா அதைப் பார்த்தபடி நின்றாள்.

எடுத்துக் கொடுத்தால் அவள் துறவி. கணவர் வுக்மிர் பிரபு இன்னொருத்தியை மணக்கலாம். எடுக்காவிட்டால் மறுபடியும் கோட்டையின் மேல் அறை, வெளியே தாழ்ப்பாள்.

இரண்டிலும் மகள் கிடைக்கமாட்டாள். சிறுமி ஸ்தானா மடத்து வாசலில் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். புது மனைவியாக வரப்போகிறவளின் ஹங்கேரிய வீட்டுக்கு, அவர்கள் பையனுக்கு மணப்பெண்ணாக வளர, அன்றே அனுப்பப்போகிறார்கள்.

முடி களையும் சடங்கு இப்படித்தான் நடக்கும். குரு கத்திரிக்கோலைக் கீழே போடுவார். துறவு கேட்பவள் தன் கையால் எடுத்து அவரிடம் நீட்ட வேண்டும். மூன்று முறை. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. வேறு கை எடுத்தால் துறவு செல்லாது. துறவு செல்லாவிட்டால் புதுக் கல்யாணமும் செல்லாது.

ஹங்கேரியப் பெண்ணின் அண்ணன் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் முறை எடுத்துக் கொடுத்தாள். இரண்டாம் முறையும் கொடுத்தாள்.

மூன்றாம் முறை விழுந்தபோது குனியவில்லை.

"என்ன, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?" என்றார் வுக்மிர்.

அவருடைய ஆள் ஒருவன் குனிந்தான். குரு நிகோன் சட்டென்று கத்திரிக்கோல்மேல் காலை வைத்தார். அவள் கைதான் எடுக்க வேண்டும் என்றார்.

அப்போதுதான் தெசிஸ்லாவாவுக்கு அது உறைத்தது. வாள் வைத்திருக்கிற இத்தனை பேரும் அவள் கை ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள்.

குரு காலை எடுத்ததும் அவள் குனிந்து எடுத்தாள். நீட்டவில்லை. மார்போடு வைத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு உள்ள வரட்டும், சாமி. அவளையும் மடத்துக்குக் குடுத்துட்டேன்னு அவங்கப்பா எல்லார் முன்னாடியும் வாயால சொல்லட்டும். கத்திரிக்கோல் எங்க போயிடப்போவுது?"

வுக்மிர் தூணோரம் நின்றவனைப் பார்த்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எங்கள் மடத்துக் கோயிலில் அவளை இப்போது புனிதை என்று வணங்குகிறார்கள். படத்தில் வலக்கை கத்திரிக்கோலை மார்போடு பிடித்திருக்கும். துறவை எவ்வளவு ஆசையாய் அணைத்துக்கொண்டாள் பார் என்பார்கள், மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்கள். நான் திருத்துவதில்லை.

இடக்கையை ஓவியர் அங்கிக்குள் மறைத்துவிட்டார்.

அன்று அப்பா எல்லார் முன்னாடியும் சொன்னார். அம்மா கத்திரிக்கோலை நீட்டினாள். அந்த இடக்கை என் கையைப் பிடித்திருந்தது.