நீலம் பார்க்க விட்ட இடம்

அவள் எழுதிய கடிதங்கள்தாம். மேஜை முழுக்க விரிந்து கிடந்தன.

ஐம்பது வருஷத்துப் பழைய இன்லண்டுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள், காவி, பாசிப் பச்சை.

அண்ணன் வேதரத்தினத்துக்கு அந்தப் பழக்கம். படம் வரைகிறபோது எந்தக் காகிதம் கையில் அகப்பட்டாலும் அதில் தூரிகையைத் துடைத்துவிடுவார். இப்போது அண்ணன் இல்லை. அவர் துடைத்துப் போட்ட காகிதத்துக்கும் கண்ணாடிச் சட்டம் போடுகிறார்கள்.

"எங்கம்மா கையெழுத்து மெட்ராஸ்ல சுவத்துல தொங்கப் போவுது!" மகன் முருகையனுக்குத் தலைகால் புரியவில்லை.

கலைக்கூடத்திலிருந்து அவற்றைக் கொண்டு வந்திருந்த பெண் வெள்ளைக் கையுறை போட்டிருந்தாள். சிரித்தாள். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

மதியம். ஜன்னலில் உப்புக் காற்று.

காகிதங்கள் லேசாக மூச்சு விட்டன.

அவளுக்குக் கடிதம் என்றால் பேச்சுதான். இப்போதும் கண்ணை மூடினால் கேட்கும்.

'அண்ணே, படிச்சதும் அடுப்புல போட்டுடுங்க.'

'சரி தாயீ. என்னுதையும் நீ போட்டுடு. நாலு பேருக்கு நம்ம பேரு தெரிஞ்சா வீட்டுக்குக் கதவே இல்லாமப் போயிடுது. நேத்து ஒரு பத்திரிகைக்காரன் அம்மா எதுல செத்தாங்கன்னு கேக்குறான்.'

அவள் போட்டாள். ஒன்று விடாமல்.

அண்ணன் போடவில்லை.



சுவரில், முருகையன் தலைக்கு மேலே, மாலைக்குள் அவன் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு அவர் கை என்ன செய்தது என்பதை அண்ணன் ஒருவருக்குத்தான் எழுதியிருந்தாள். அண்ணன் புறப்பட்டு வந்துவிடுவார் என்று பயந்து, வராதீங்க என்றும் எழுதியிருந்தாள்.

முருகையனுக்கு அப்பா என்றால் சாமி.

அவன் ஒரு கடிதத்தை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தான்.

"'மாடு கன்னு போட்டிருக்கு. புளி குடுத்து விட்டிருக்கேன், வெயில்ல வச்சு எடுங்க. அப்புறம் அண்ணே...'"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கு மேல ஒரே நீலமா இருக்கும்மா."

அவள் குனிந்து பார்த்தாள்.

மற்ற வண்ணமெல்லாம் போகிற போக்கில் விழுந்தவை. நீலம் அப்படி இல்லை. வரி தொடங்கிய இடத்தில் தொடங்கி, வரி முடிந்த இடத்தில் நின்றிருந்தது. அடுத்த கடிதத்திலும் நீலம். அதற்கடுத்ததிலும்.

அவள் அழுதுகொண்டே எழுதிய இடத்தில் எல்லாம் கடல்.

'எரிக்க மனசு வரல தாயீ,' என்றார் அண்ணன், அதற்குள்ளிருந்து.

"இந்த நீலம் மட்டும் ரெண்டு மூணு பூச்சு இருக்கும்மா," என்றாள் அந்தப் பெண். பையிலிருந்து ஒரு சின்ன விளக்கை எடுத்தாள். "இதை வச்சுப் பாத்தா அடியில இருக்கிற எழுத்து தெரிஞ்சிடும்."

"பாருங்க, பாருங்க," முருகையன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "அப்பாவைப் பத்தித்தான் ஏதாவது எழுதியிருக்கும்."

அவள் நீலத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஈரம் இருக்கிற மாதிரி இருந்தது.

"அங்க நான் ஒண்ணும் எழுதல," என்றாள். "அண்ணன் நீலம் போட்டுப் பாக்கட்டும்னு இடம் விட்டிருந்தேன்."

"எல்லாக் கடுதாசியிலயுமா? நல்ல அண்ணன், நல்ல தங்கச்சி!" முருகையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தாள். பிறகு ஒருமுறை சுவரைப் பார்த்தாள்.

விளக்கைப் பைக்குள் வைத்தாள்.

நோட்டைத் திறந்து, 'நீலத்துக்கு அடியில் எழுத்து' என்று முன்பே எழுதியிருந்த வரியைப் பேனாவால் அடித்தாள். திரும்பவும் அடித்தாள். எழுத்து தெரியாமல் போகும் வரை, நிதானமாக.

பேனா நீல மைப் பேனா.